நடன வகுப்புக்கு முன் அறுபது மில்லி

கேள்வி: எனக்கு வயது 38, எடை 58 கிலோ. வாரத்தில் இரண்டு நாட்கள் மாலை 7 மணிக்குச் சால்சா நடன வகுப்புக்குச் செல்கிறேன். இயல்பிலேயே கூச்சம் உள்ளவள். முதல் மாதம் கண்ணாடிச் சுவரின் முன்னால் நிற்கவே கை கால் நடுங்கியது. ஒரு நாள் 30 மில்லி வோட்கா அருந்திவிட்டுப் போனேன். அன்றுதான் முதல் முறையாகச் சிரித்துக்கொண்டே ஆடினேன். ஆறு மாதங்களில் அது 60 மில்லி ஆகியிருக்கிறது. 6.15க்கு அருந்திவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பிப் பத்து நிமிடத்தில் போய்விடுவேன். வகுப்பு இல்லாத நாட்களில் தொடுவதில்லை. சென்ற மாதம் ஒரு நாள் குடிக்காமல் போனபோது நன்றாகத் தெரிந்த ஸ்டெப்கள் கூட மறந்துபோயின. எனக்கு அது தேவைதான் போலிருக்கிறது. ஆனால் சுழலும்போது தடுமாறுவதாகவும், நான்காவது, எட்டாவது எண்ணிக்கைகளில் நிற்காமல் முந்திவிடுவதாகவும் ஆசிரியர் சொல்கிறார். இரண்டு வாரங்களுக்கு முன் கணுக்கால் பிசகியது. குடித்ததற்கும் வகுப்புக்கும் இடையில் எத்தனை மணி நேரம் விட்டால் போதும்? வகுப்பு முடிந்த பிறகு அருந்தினால் பரவாயில்லையா? ஆசிரியரிடம் சொல்ல வேண்டுமா? பெண் என்பதற்காக அறிவுரை சொல்லிவிடாதீர்கள்.

மனநல மருத்துவரின் பதில்: நீங்கள் கேள்வியாகக் கேட்காமல், போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்த ஒரு வாக்கியத்திலிருந்தே நான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஸ்கூட்டரில் போய்விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். வெறும் வயிற்றில் அருந்திய மது இரத்தத்தில் உச்ச அளவை எட்டுவதற்கு அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். ஆகவே நீங்கள் வண்டியில் போய்க்கொண்டிருக்கும்போது அந்த அளவு ஏறிக்கொண்டிருக்கிறது; வகுப்பு முடிந்து களைப்போடு திரும்பும்போதும் அது முழுவதும் இறங்கியிருப்பதில்லை. நடனத்தைப் பற்றிக் கீழே நான் எழுதுவதில் எதை நீங்கள் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், இந்த ஒன்றில் பேரம் பேச இடமில்லை: அருந்திய நாளில் வண்டிச் சாவியைத் தொடாதீர்கள்.

இனி இடைவெளியைப் பற்றிய உங்கள் கணக்குக்கு வருகிறேன். 40 விழுக்காடு வலிமையுள்ள வோட்காவில் 60 மில்லி என்றால் அதில் தூய ஆல்கஹால் 24 மில்லி. எடையில் ஏறத்தாழ 19 கிராம். 58 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உடலில் அது 100 மில்லி இரத்தத்துக்கு 50 முதல் 60 மில்லிகிராம் என்ற அளவை எட்டக்கூடும். அதே 60 மில்லியை 75 கிலோ எடையுள்ள ஓர் ஆண் அருந்தினால் 35 மில்லிகிராமை ஒட்டி நிற்கும். ஆல்கஹால் உடலின் நீரில்தான் பரவுகிறது. பெண்ணின் உடலில் நீரின் பங்கு ஒப்பீட்டளவில் குறைவு. நீங்கள் பெண் என்ற செய்தி என் பதிலில் இடம்பெற வேண்டிய இடம் இது ஒன்றே. பல நாடுகளில் வாகனம் ஓட்டுபவருக்கான வரம்பு 50 மில்லிகிராம். சில நாடுகளில் 30, சில நாடுகளில் 20. இவையெல்லாம் அளந்து ஊற்றியதாக வைத்துப் போட்ட கணக்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் கண்ணளவில் ஊற்றும் அறுபது, பெரும்பாலும் அறுபதோடு நிற்பதில்லை.

ஏறியதை இறக்கும் வேலை ஏறக்குறைய முழுவதும் கல்லீரலைச் சேர்ந்தது. அது மணிக்கு 15 மில்லிகிராம் என்ற வேகத்தை ஒட்டித்தான் வேலை செய்யும்; அவசரப்படுத்த வழியில்லை. வியர்வை, மூச்சு, சிறுநீர் ஆகியவற்றின் வழியாக மாறாமல் வெளியேறுவது நூற்றில் பத்துப் பங்குக்கும் குறைவு என்பதால், வியர்க்க வியர்க்க ஆடி இறக்கிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. கடுங்காப்பி தூக்கத்தைக் கலைக்குமே தவிர அளவைக் குறைக்காது. முன்னதாகச் சாப்பிட்டுவிட்டு அருந்தினால் உச்சம் சற்றுத் தாழ்ந்து, தாமதமாக வரும். அப்போது நீங்கள் எதிர்பார்க்கும் துணிச்சலும் தாழ்ந்துபோவதால், இன்னும் கொஞ்சம் ஊற்றத் தோன்றும். ஆகவே கணக்குப்படி உங்களுக்கு விடை நான்கு மணி நேரம். ஏழு மணி வகுப்புக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு அருந்தியாக வேண்டும். ஆனால் அதன் விளைவோடு வகுப்புக்குள் நுழைவதற்காகவே நீங்கள் அருந்துகிறீர்கள். விளைவு முழுவதும் தீர்ந்த பிறகு நுழைவதாக இருந்தால் அருந்துவதற்கே காரணம் இல்லாமல் போகிறது. இடைவெளியைப் பற்றிய கேள்வி இப்படித் தானாகவே உதிர்ந்துவிடுகிறது.

உங்கள் ஆசிரியர் கவனித்துச் சொன்ன இரண்டு குறைகளும் எனக்கு மிகவும் ஆர்வமூட்டின. ஏனெனில் அவர் காரணம் அறியாமலே மருந்தியல் பாடப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டியிருக்கிறார்.

முதலில் சுழற்சி. உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஒரு திரவமும், ஒவ்வொரு குழலின் விரிந்த முனையில் ஜெல்லி போன்ற ஒரு சிறு தடுப்பும் உண்டு. நாம் திரும்பும்போது திரவம் சற்றுப் பின்தங்கித் தடுப்பை வளைக்கிறது. அந்த வளைவைத்தான் மூளை சுழற்சி என்று அறிகிறது. தடுப்பும் திரவமும் ஒரே அடர்த்தி கொண்டவை என்பதால், தலை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் புவியீர்ப்பு அந்தத் தடுப்பை அசைப்பதில்லை. ஆல்கஹால் நீரைவிட இலேசானது. இரத்த நுண்குழாய்களுக்கு அருகில் இருக்கும் தடுப்புக்குள் அது முதலில் புகுந்துவிடுவதால், தடுப்பு தன்னைச் சூழ்ந்துள்ள திரவத்தைவிட இலேசாகி மிதக்கப் பார்க்கிறது. அப்போது தலையைச் சாய்த்தாலே, நடக்காத சுழற்சி ஒன்று நடப்பதாக மூளைக்குச் செய்தி போகிறது. குடித்தவர் படுத்ததும் அறை சுற்றுவது இதனால்தான். சில மணி நேரம் கழித்து, ஆல்கஹால் தடுப்பை விட்டு முதலில் வெளியேறும்போது இதே கோளாறு எதிர்த்திசையில் ஒரு முறை நிகழும்.

நடனம் கற்பவர்கள் சுழலும்போது கண்ணை ஒரு புள்ளியில் நிறுத்தி, உடல் திரும்பிய பிறகு தலையைக் கடைசியில் வெடுக்கென்று கொண்டுவரப் பழகுகிறார்கள். அந்த உத்தி, கண்ணும் உட்செவியும் ஒரே செய்தியைச் சொல்வதை நம்பி நிற்பது. பல ஆண்டுகள் பயின்றவர்களுக்கு உட்செவியின் செய்தியைக் குறைத்து எடுத்துக்கொள்ள மூளையே பழகிவிடுகிறது. நீங்கள் அந்தப் பழக்கத்தின் தொடக்கத்தில் இருக்கிறீர்கள்; வாரத்துக்கு இரண்டு முறை, திரிந்த செய்தியைக் கொடுத்து மூளையைப் பயிற்றுவிக்கிறீர்கள். போதாததற்கு, கண் ஒரு பொருளைச் சீராகப் பின்தொடரும் திறனையும் மது குலைக்கிறது. ஆறு மாதமாகியும் உங்கள் சுழற்சி தேறாததற்குத் திறமைக் குறைவைக் காரணமாகச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் முந்துவது. தொடங்கிவிட்ட அசைவை நிறுத்துவதற்கு மூளை தனியாக ஒரு வேலை செய்தாக வேண்டும். 'தொடங்கு', 'நிறுத்து' என்ற இரண்டையும் தனித்தனியே சோதிக்கும் ஆய்வகப் பயிற்சிகளில், மிதமான அளவு மது, தொடங்குவதைக் காட்டிலும் நிறுத்துவதையே அதிகம் கெடுப்பதாகத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். எட்டு எண்ணிக்கையில் இரண்டு இடங்களில் அடி எடுத்து வைக்காமல் தாமதிப்பதே சால்சாவின் அழகு என்றால், மது முதலில் கை வைப்பதும் அந்த இரண்டு இடங்களில்தான். அதோடு, இது கையோடு கை சேர்த்து ஆடும் நடனம். எதிரில் இருப்பவர் உள்ளங்கையில் தரும் மெல்லிய அழுத்தத்தைப் படித்துத்தான் நீங்கள் திரும்ப வேண்டும். அதைச் சற்றுத் தாமதமாகவோ, வருவதற்கு முன்பேயோ நீங்கள் படித்தால் விழுவது உங்களோடு முடிவதில்லை.

கணுக்காலைப் பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். பாதம் தவறாகப் பதியும் நொடியில் அதைச் சரிசெய்யும் அனிச்சைச் செயல் மந்தமாவது ஒரு பக்கம். வலி மட்டுப்படுவதால், பிசகிய காலோடு வகுப்பு முடியும்வரை ஆடியிருக்கக்கூடும் என்பது மற்றொரு பக்கம். இரண்டாவதுதான் பிசகைக் காயமாக வளர்ப்பது. இப்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாத வலி இருந்தாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்தும்போது வலித்தாலோ, எலும்பு மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் அதிகமாகப் போவதால் உடல் வறள்வது, வெறும் வயிற்றில் குடித்து ஆடுவதால் இரத்தச் சர்க்கரை தாழ்வது ஆகியவற்றை நான் விரிக்கவில்லை. ஒவ்வாமைக்கான மாத்திரையோ தூக்க மாத்திரையோ எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தால் மட்டும், மதுவோடு சேர்ந்து அது மயக்கத்தைப் பெருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

குடிக்காமல் போன நாளில் ஸ்டெப்கள் மறந்தன, ஆகவே மது தேவை என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். நடந்தது உண்மை, முடிவோடுதான் நான் மாறுபடுகிறேன். 1969ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், போதையில் கற்றவற்றுள் சிலவற்றை மறுநாள் தெளிவாக இருந்தபோது நினைவுகூர முடியாதவர்கள், மறுபடி போதையில் இருந்தபோது அதே விஷயங்களை மேலும் நன்றாக நினைவுகூர்ந்தார்கள். உடலின் நிலையும் நினைவோடு சேர்ந்து பதிந்துவிடுகிறது. அந்த நிலை திரும்பும்போது நினைவும் எளிதாகத் திரும்புகிறது. இதை நிலைசார்ந்த கற்றல் என்பார்கள். ஆறு மாதமாக நீங்கள் கற்ற ஸ்டெப்களில் ஒரு பகுதி இப்படி வோட்காவோடு முடிச்சிட்டுக் கிடக்கிறது. போதாக்குறைக்கு, புதியவற்றைப் பதித்துக்கொள்ளும் மூளைப் பகுதிகளில் குளுட்டமேட் என்ற செய்தி வேதிப்பொருளின் வேலையை மது தடுப்பதால், பதிவே மங்கலாக விழுகிறது. மங்கலாகப் பதிந்ததை ஒரே ஒரு வெளிச்சத்தில் மட்டும் படிக்க முடிகிறது என்றால், அந்த வெளிச்சத்தின் மேல் நன்றியுணர்ச்சி வருவது இயல்புதான். ஆனால் எழுத்தை மங்கலாக்கியதும் அதுவே. அன்று மறந்துபோனது, மது இல்லாமல் உங்களால் ஆட முடியாது என்பதைக் காட்டவில்லை. மதுவோடு சேர்த்துக் கற்றதை இன்னும் ஒரு முறை, தெளிவாகக் கற்க வேண்டியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

என் துறைக்கு உரிய பகுதி பயம். நீங்கள் குடிப்பதற்குக் காரணம் ருசியோ கொண்டாட்டமோ இல்லை. பலர் பார்க்கிறார்கள் என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தைச் சிறுமைப்படுத்த எனக்கு உரிமை இல்லை. நாற்பதைத் தாண்டி நீச்சல் கற்கப் போனவன் நான், முழங்கால் ஆழத் தண்ணீரில் சிறுவர்களுக்கு நடுவே நின்ற அந்த அரை மணி நேரம் இன்னும் நினைவிருக்கிறது. ஆனாலும் இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், சங்கடமான படம் அச்சிட்ட பனியன் ஒன்றை மாணவர்களுக்கு அணிவித்து, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். தங்கள் பனியனை ஏறத்தாழப் பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் மதிப்பிட்டார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். புதிதாக நடனம் கற்பவர்கள் நிறைந்த அறையில், எல்லோரும் தத்தம் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்த எண்ணிக்கை இன்னும் குறைவாக இருக்கும் என்றே நான் கருதுகிறேன். மற்றொன்று, 2013ஆம் ஆண்டு வேடிக்கையான இக் நோபல் பரிசைப் பெற்ற பிரெஞ்சு ஆய்வு. மது அருந்தியதாக நம்பியவர்கள், உண்மையில் அவர்களுக்கு மதுவே கொடுக்கப்படாதபோதும், தங்களைக் கவர்ச்சியும் நகைச்சுவையும் மிக்கவர்களாக மதிப்பிட்டுக்கொண்டார்கள். அவர்களின் பேச்சைப் பார்த்து மதிப்பெண் இட்ட மற்றவர்களுக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. அன்று நீங்கள் சிரித்துக்கொண்டே ஆடியதில் எவ்வளவு பங்கு அந்த 30 மில்லிக்கு, எவ்வளவு பங்கு அதன் மேல் வைத்த நம்பிக்கைக்கு, எவ்வளவு பங்கு ஒரு மாதப் பழக்கத்துக்கு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. முதல் மாதத்தின் நடுக்கம், ஒன்றும் செய்யாமலே இரண்டாவது மாதத்தில் குறைந்திருக்கக்கூடும். அந்தப் பெருமையைக் குப்பி தட்டிக்கொண்டு போய்விட்டது.

பதற்றத்துக்கு ஓர் இயல்பு உண்டு: அஞ்சும் இடத்தில் ஓடாமல் நின்றால் ஏறும், ஓர் உச்சத்தில் நிற்கும், பிறகு தானாக இறங்கும். அது இறங்குவதை நேரில் அனுபவித்தவருக்கு அடுத்த முறை அந்த ஏற்றமே தாழ்ந்துவிடும். கதவுக்கு வெளியிலேயே மதுவால் அதை அமுக்கிவிட்டு நுழைபவருக்கு இந்த அனுபவம் ஒரு முறையும் கிடைப்பதில்லை. தப்பித்தோம் என்ற நிம்மதி மட்டும் கிடைக்கிறது. அதனால்தான் ஆறு மாதம் கழித்தும் பயம் அதே இடத்தில் நிற்க, அளவு மட்டும் இருமடங்காகியிருக்கிறது.

வாரம் இரு நாட்கள் இந்த அளவு அருந்துபவர் சட்டென நிறுத்துவதில் உடல்ரீதியான ஆபத்து இல்லை. நாள்தோறும் அதிகம் அருந்தி, நிறுத்தினால் கை நடுங்கி வியர்ப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் மருத்துவர் உதவியின்றி நிறுத்தக் கூடாது. ஆகவே அடுத்த வகுப்பிலிருந்தே தொடங்கலாம். ஐந்தரை மணி வாக்கில் ஏதேனும் எளிய உணவைச் சாப்பிட்டுத் தண்ணீர் குடியுங்கள். கால் மணி நேரம் முன்னதாகவே போய், அறை நிரம்புவதற்கு முன் கண்ணாடியின் எதிரில் நின்று பழகுங்கள். நிரம்பிய அறைக்குள் கடைசியாக நுழைவதுதான் கூச்சமுள்ளவருக்கு மிகக் கடினமானது. ஒரு சிறு தாளில், நுழையும்போதும், பத்து நிமிடம் கழித்தும், வகுப்பின் நடுவிலும், முடிவிலும் பயத்துக்குப் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண் போடுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் படபடப்பு சற்றுத் தணியும். வீட்டில், தெரிந்த ஸ்டெப்களை முதலில் இசையின்றி, எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லி, பாதி வேகத்தில் செய்யுங்கள். நான்கிலும் எட்டிலும் வேண்டுமென்றே நின்று பாருங்கள். முதல் மூன்று நான்கு வகுப்புகளில் உங்கள் ஆட்டம் இப்போது இருப்பதைவிட மோசமாகத்தான் இருக்கும். அதை எதிர்பார்த்தே போங்கள். எதிர்பாராதவர்கள் இரண்டாவது வகுப்பிலேயே பழைய வழிக்குத் திரும்பிவிடுகிறார்கள். மேடை ஏறுபவர்கள் எடுத்துக்கொள்ளும் புரோப்ரனலால் மாத்திரையைப் பற்றி யாராவது சொன்னால், மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து, நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் தாழ்த்துவது. வாரம் இரண்டு முறை வரும் ஒரு வகுப்புக்கு அது தேவைப்படும் என்றும் நான் நினைக்கவில்லை.

எட்டு வகுப்புகளுக்குப் பிறகும் நுழையும்போது போடும் மதிப்பெண் குறையவில்லை என்றாலோ, கூச்சம் நடனத்தோடு நில்லாமல் அலுவலகக் கூட்டம், விருந்து என்று வாழ்க்கை முழுவதும் பரவியிருந்தாலோ, மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ நேரில் பாருங்கள்; சமூகப் பதற்றம் நன்றாகக் குணமாகக்கூடியது. உங்களை மதுவுக்கு அடிமை என்று சொல்ல உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட சூழலுக்கென்று ஒரு குறிப்பிட்ட அளவு, அந்த அளவு ஏறிக்கொண்டே போவது, அது இல்லாமல் முடியாது என்ற எண்ணம், இந்த மூன்றும் சேர்ந்து வருவதை நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்ற பத்துக் கேள்விகள் கொண்ட பட்டியல் இருக்கிறது. மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரோடு பேச வேண்டும். தனிமையில் உட்கார்ந்து, உள்ளபடியே விடை எழுதிப் பாருங்கள்.

வகுப்பு முடிந்த பிறகு அருந்தலாமா என்ற கேள்விக்கு என் விடை, வகுப்பு நாட்களில் வேண்டாம் என்பதே. மாலையில் கற்ற அசைவு, அன்றிரவின் உறக்கத்தில்தான் மூளையில் நிலைபெறுகிறது. மது உறக்கத்தின் முதற்பாதியை ஆழமாக்குவதுபோல் காட்டிவிட்டு, பிற்பாதியைத் துண்டு துண்டாக்குகிறது. கனவு நிலை உறக்கத்தையும் குறைக்கிறது. முன்னால் குடித்தால் கற்பது கெடும், பின்னால் குடித்தால் கற்றது நிலைப்பது கெடும். மற்ற நாட்களில் நீங்கள் தொடுவதில்லை என்பதால், புதிதாக ஒரு வேளையை நான் உங்களுக்குத் தேடித் தர விரும்பவில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று 2023இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது.

ஆசிரியரிடம் இதுவரை குடித்து வந்ததைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிறுத்திவிட்டவர் பழையதை யாரிடம் சொல்வது என்பது அவருடைய விருப்பம். கணுக்காலைப் பற்றி மட்டும் அடுத்த வகுப்பு தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், சுழற்சிகளைச் சில வாரங்கள் தள்ளிவைக்க அது அவருக்கு உதவும். அடிப்படை ஸ்டெப்களை மறுபடி முதலிலிருந்து செய்ய விரும்புகிறேன் என்றும் கேளுங்கள். காரணம் கேட்காமலே ஒப்புக்கொள்வார், ஏனெனில் நான்கிலும் எட்டிலும் நிற்கச் சொல்லி உங்களிடம் முதலில் சொன்னவர் அவர்தானே. நிறுத்த முடியாமல் ஏதோ ஒரு நாள் அருந்திவிட்டால், அன்று வகுப்புக்குப் போகாதீர்கள். உங்கள் கையைப் பிடித்துச் சுழலப் போகிறவருக்கு, எதிரில் இருப்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை.